பெயர் பொறியாத கம்மியன்

ஆக்கியோன் பெயர் அறியப்படாத பாடல்களோடு வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பாட்டு நிற்கும், பாடியவன் பெயர் மறைந்துவிடும். ஏட்டுச் சுவடிகளுக்கே உரிய குறை இஃது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இரும்பிலும் இக்குறை உண்டென்பதை அண்மையில் வந்த மடல் ஒன்று எனக்கு உணர்த்திற்று.

என்னிடம் இலக்கணம் கற்ற மாணாக்கர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவில் வாழ்கின்றார். பழைய கருவிகளைப் பழுது நீக்கிப் பேணுதல் அவருக்கு உவப்பான பொழுதுபோக்கு. நூறாண்டுக்கு மேற்பட்ட நெம்புகோல் துப்பாக்கி ஒன்றை வாங்கிச் செப்பஞ்செய்து, அதற்கு வேண்டிய ஈயக் குண்டுகளையும் தம் கையாலே வார்த்து வருகின்றாராம். அத்தொழிலில் வழங்கும் உறுப்புப் பெயர்களுக்கும் வினைப்பெயர்களுக்கும் தமிழ்ச் சொல் ஆய்ந்து தருமாறு என்னை வேண்டியிருந்தார்.

மடலைப் படித்துவிட்டு மறுமொழி எழுதாமலே சில நாள் வைத்திருந்தேன். துப்பாக்கியின் ஓசையைக் கதையில் மட்டும் கேட்டு வளர்ந்த மண்ணன்று நம் மண். அக்கருவிக்கு அழகிய சொல் தேடிக் கொடுக்க என் மனம் இசையவில்லை. ஆயினும் மடலிலிருந்த செய்தி ஒன்று என்னை விட்டு அகலவில்லை. குழலின்மேற் படிந்த துருவை எண்ணெயிட்டு மெல்ல மெல்லத் துடைத்தபோது எழுத்துக்கள் தோன்றினவாம். வின்செஸ்டர் என்னும் கம்பனியின் பெயர் இருந்தது. நியூ ஹேவன் என்னும் ஊரின் பெயர் இருந்தது. 1894ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 21ஆம் நாளுக்குரிய ஆக்கவுரிமைக் குறிப்பும் இருந்தது. அவ்வுரிமைக்குரிய பொறியைக் கண்டுபிடித்த மனிதன் யாவன் என்பது மட்டும் அங்கே இல்லை. மாணாக்கர் கேட்ட சொற்களை ஒருபுறம் வைத்து, அவர் கேளாத அம்மனிதனைத் தேடத் தொடங்கினேன்.

அவர் பெயர் யோன் மோசஸ் பிரௌணிங். கைத்துப்பாக்கிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் உரியதாக அப்பெயரைக் கேள்வியுற்றோர் பலர். வேட்டைக்காரரும் ஆனிரை மேய்ப்போரும் ஏந்திய நெம்புகோல் துப்பாக்கியின் உள்ளே மறைந்திருப்பவரும் அவரே என்பதை அறிந்தோர் சிலர்.

யோனின் தந்தையார் யொனதன் பிரௌணிங் 1805இல் தெனசி மாநிலத்திற் பிறந்தவர். இளமையில் அயலார் ஒருவருக்கு வேலை செய்து, கூலியாகப் பழுதுபட்ட சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்றைப் பெற்றார். கொல்லர் ஒருவரின் துணையோடு அதனைத் திருத்தி, முன்னுடையவருக்கே நான்கு டொலருக்கு விற்றார் என்று அக்குடும்பத்தார் சொல்லி வந்தனர். பழுது பார்த்தலே அக்குடிக்கு அரிச்சுவடியாயிற்று. பின்னர் இலினோய் மாநிலத்திலே தொழில் நடத்தியபோது, ஐந்து வெடிகளுக்கான அறைகள் கொண்ட உருக்குச் சட்டம் ஒன்று குறுக்கே நகர்ந்து, ஒவ்வோர் அறையாகக் குழலுக்கு நேரே வரும்படி அமைந்த துப்பாக்கியை ஆக்கினார். மோர்மன் சபையிற் சேர்ந்த அவர், அச்சபையார் துன்புறுத்தப்பட்டு மேற்கு நோக்கிப் பெயர்ந்தபோது, வழியிலே சில ஆண்டுகள் தங்கிப் பயணிகளுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தார். 1852இல் யூட்டாப் பிரதேசத்து ஒக்டன் என்னும் ஊரை அடைந்து குடியமர்ந்தார். அவ்வூரிலே 1855ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23ஆம் நாள் யோன் பிறந்தார்.

பிள்ளை தவழ்ந்து விளையாடிய இடம் தந்தையின் பட்டறையே. உலையும் துருத்தியும் அரமும் அவனுக்கு விளையாட்டுப் பொருள்கள். ஒடிந்த துப்பாக்கிகளின் உறுப்புகள் மூலையிலே குவிந்து கிடந்தன; அக்குவியலே அவனுடைய பாடநூல். பத்து வயதில் அக்குவியலிலிருந்து பழுதுபட்ட குழல் ஒன்றைத் தேடியெடுத்து, மரக்கட்டையைச் செதுக்கிக் கம்பியால் வரிந்து, தம்பி மத்தேயு துணைநிற்கத் துப்பாக்கி ஒன்றைச் செய்துவிட்டான். சிறுவர் இருவரும் அதனைக் கொண்டு புல்வெளிக் கோழிகளைச் சுட்டு வந்தனர். தந்தையார் அவற்றை உண்டு மகிழ்ந்த பின்னர் அக்கருவியைக் கையில் வாங்கிப் பார்த்து, பதினொரு வயதை அணுகும் பிள்ளை இதனினும் நன்றாகச் செய்திருக்கலாமே என்றாராம். கடுஞ்சொல்லாகத் தோன்றும் இதனை மகன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை என்பர். மாணாக்கன் செய்ததைப் புகழ்ந்து அனுப்பிவிடுதல் ஆசிரியனுக்கு எளிது. அவனால் இன்னும் இயலும் என்று காட்டுதலே அரிது.

யோன் பள்ளியிற் பயின்றது சில காலமே. பட்டறையிற் பயின்றதற்கு எல்லையில்லை. பழுதென்று வந்த ஒவ்வொரு துப்பாக்கியும் தான் ஏன் பழுதாயிற்று என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. வில் ஒடிந்தால் அது மெலிந்த இடம் யாது, திருகாணி தளர்ந்தால் அதன்மேல் விழுந்த அடி எங்கிருந்து வந்தது என்று அவர் கண்டு பழகினார். 1878இல், தமக்கு 23 வயதாயிருந்தபோது, திருத்துமாறு வந்த துப்பாக்கி ஒன்றின் சிக்கலான அமைப்பைக் கண்டு சலித்து, இதனினும் நல்லதைத் தாமே செய்யக்கூடும் என்றார். அப்படியே செய்க என்று முதிய தந்தையார் பணித்தார். ஒருமுறைக்கு ஒரு வெடி சுடும் எளிய துப்பாக்கி ஒன்று பிறந்தது. உறுப்புகளை உலையிலே காய்ச்சி அடித்து, அரத்தால் இழைத்துச் செய்தார். 1879இல் தந்தையார் மறைந்தார். அவ்வாண்டு ஒக்டோபரிலே மகனுக்கு முதல் ஆக்கவுரிமை கிடைத்தது.

உடன்பிறந்தாரும் யோனும் கூடி ஒக்டனிலே சிறு தொழிற்சாலை ஒன்றை நிறுவி அத்துப்பாக்கியைச் செய்து விற்றனர். அவற்றுள் ஒன்று 1883இல் நாட்டின் மறுகோடியிலிருந்த வின்செஸ்டர் கம்பனியாரின் கைக்கு எட்டியது. ஒலிவர் வின்செஸ்டர் அதற்கு முன்னரே, 1880இல், இறந்துவிட்டார். அவருடைய மருகரும் கம்பனியின் முகாமையாளருமாகிய பெனற் என்பவர் புகைவண்டி ஏறி ஒக்டனுக்கு வந்து, அத்துப்பாக்கியின் உரிமையை 8,000 டொலருக்கு வாங்கினார். அன்று தொடங்கிய உறவு ஏறத்தாழ 19 ஆண்டுகள் நீடித்தது.

நெம்புகோல் துப்பாக்கி என்பது யாது என்பதை ஈண்டுச் சுருங்கச் சொல்வேன். விசையைச் சூழ்ந்துள்ள வளையமே பின்னோக்கி நீண்டு கைப்பிடியாகவும் நெம்புகோலாகவும் அமைந்திருக்கும். அதனைக் கீழ்நோக்கித் தள்ளினால், குழலின் பின்வாயை மூடிய அடைப்பு பின்வாங்கி வெற்றுத் தோட்டாவை வெளியே எறியும். குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயிலிருந்து புதிய தோட்டா ஒன்று மேலெழும். கோலை மீள இழுத்தால் அடைப்பு அத்தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டிக்கொள்ளும். வின்செஸ்டர் கம்பனியார் 1866இலும் 1873இலும் வெளியிட்ட வகைகளில் அடைப்பைத் தாங்கியது, முழங்காலைப் போல் மடங்கி நிமிரும் ஓர் இணைப்பு. சிறிய தோட்டாவுக்கு அது போதும். படைஞர் வழங்கிய பெரிய தோட்டாவின் விசையை அது தாங்கமாட்டாது.

பிரௌணிங் அதனை மாற்றினார். நம் வீட்டுக் கதவுக்குத் தாழிடுவது போல, உருக்குத் தாழ் இரண்டு கீழிருந்து எழுந்து அடைப்பை இருபுறமும் பூட்டும்படி அமைத்தார். கோலைத் தள்ளத் தாழ் இறங்கும். இழுக்கத் தாழ் ஏறும். இதுவே 1886ஆம் ஆண்டு வகை. சிறிய தோட்டாவுக்கும் அவ்வமைப்பை இயைத்துத் தருமாறு பெனற் பின்னர் வேண்டியபோது, 30 நாளுக்குள் முடித்தால் 20,000 டொலர் தருக, தவறினால் ஒன்றும் தரவேண்டா என்று பேரம் பேசி, இரண்டு கிழமைக்குள்ளே செய்து அனுப்பினார் என்பர். அது 1892ஆம் ஆண்டு வகையாயிற்று. பட்டறையிற் பழுது பார்த்துக் கழித்த இளமை அவருக்கு அவ்விரைவைத் தந்தது. வரைபடத்தை அவர் பெரிதும் நாடியதில்லை. உறுப்பை உள்ளத்திலே கண்டு, மாதிரியைக் கையாலே செய்துவிடுவார்.

மாணாக்கர் கையிலிருப்பது 1894ஆம் ஆண்டு வகை. புகை மிகுந்த கருமருந்து போய்ப் புகையற்ற மருந்து வந்த காலம் அது. முதலிற் கருமருந்துத் தோட்டாக்களோடு வெளிவந்த இத்துப்பாக்கி, 1895இல் நிக்கல் கலந்த உருக்குக் குழலோடு புகையற்ற மருந்துக்கு ஏற்றதாயிற்று. குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,000 அடி செல்லும் விரைவு பெற்றது. இவ்வகையிற் செய்யப்பட்டவை 70 இலட்சத்துக்கு மேற்பட்டன. பழைய கம்மியர் முறையிற் செய்தல் 1964இல் மாறி, மலிவான உறுப்புகள் புகுந்தமையால், அதற்கு முற்பட்டவற்றையே பேணுவோர் விரும்புகின்றனர். நியூ ஹேவன் தொழிற்சாலையும் 2006இல் மூடப்பட்டது.

மாணாக்கர் அதனைச் செப்பஞ்செய்த முறையைப் படித்தபோது, சுவடி பதிப்பிப்போர் நெறி எனக்கு நினைவுக்கு வந்தது. துருவை நீக்கலாம், துருவோடு எழுத்தையும் தேய்த்துவிடலாகாது. காலத்தால் இரும்பு பெற்ற கருநிறத்தை மெருகிட்டு அழித்தால் பழைமை போய்விடும். திருகாணியின் பிளவு குறுகியது; அதற்கேற்ப முனை இழைத்த திருப்புளி வேண்டும்; பொருந்தாத கருவியால் வலிந்து திருப்பினால் பிளவு சிதையும். ஏட்டின் கட்டை அவிழ்க்கத் தெரியாதவன் ஏட்டையே ஒடித்துவிடுவது போன்றது இது.

குண்டு வார்த்தலும் அத்தகைய பொறுமையையே வேண்டுகின்றது. யொனதனுடைய காலத்தில் வீடுதோறும் வார்ப்பச்சு ஒன்று இருந்தது. இரும்பகப்பையில் ஈயத்தை உருக்கி அதில் ஊற்றினால் உருண்டைக் குண்டு கிடைத்துவிடும். மகனுடைய துப்பாக்கிக்கு அவ்வளவு எளிதில் வார்க்க இயலாது. காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும் மென்மையான உலோகம். புகையற்ற மருந்தின் முழு விரைவில் அதனைச் செலுத்தினால், குழலின் உள்ளே வரித்த சுழல்வரிகளிற் படிந்து அவற்றை அடைத்துவிடும். அதனாலேயே தொழிற்சாலைக் குண்டுக்குச் செம்புக் கலவையால் உறை இட்டனர். ஈயமே வார்ப்போன் விரைவைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். ஈயத்தை வன்மைப்படுத்தவும் வேண்டும். வெள்ளீயம் சேர்த்தால் உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்கு நிரம்பும். அந்திமனி சேர்த்தால் இறுகும்.

பழைய குழல்கள் யாவும் ஓரளவினவாய் இருப்பதில்லை. ஆதலால் மெல்லிய ஈயக் கட்டி ஒன்றைக் குழலின் வழியே செலுத்தி, அதிற் பதிந்த வரிகளை அளந்து, அவ்வளவினும் ஓரங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கேனும் பருமனாகக் குண்டை அமைப்பர். குண்டின் பள்ளங்களிலே தேன்மெழுகு கலந்த கொழுப்பைப் பூசுவர். அடியிற் செம்பாலாகிய சிறு தொப்பி ஒன்றை அணிவிப்பர். அது சூடான வாயு ஈயத்தை அரிக்காமற் காக்கும். மூக்கு தட்டையாய் இருத்தல் வேண்டும். குழாயினுள்ளே தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்பதால், ஒன்றின் மூக்கு முன்னதன் வெடிவாயில் முட்டும். கூர்மூக்கு அங்கே இடித்தால் குழாயே வெடித்துவிடக்கூடும். உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது சிதறித் தெறிக்கும். அதன் புகை நஞ்சு. மருந்தையோ அச்சிட்ட அளவை நூல்களின்படி நிறுத்தே இடுதல் வேண்டும்; கண்மதிப்புக்கு அங்கே இடமில்லை. இவ்வளவு நுணுக்கத்தையும் ஒருவன் ஒருங்கே எண்ணியிருத்தல் வேண்டுமே என்று வியந்தேன். வியப்பு வந்தபின் தயக்கம் சற்று விலகிற்று.

மீண்டும் பிரௌணிங்கின் கதைக்கு வருவேன். 1889இல் ஒருநாள், துப்பாக்கி சுடும்போது குழல்வாயிலிருந்து வெளிப்பட்ட வாயு அயலிலுள்ள புல்லைச் சாய்ப்பதை அவர் கண்டார். வீணாகும் அவ்விசையைக் கொண்டே துப்பாக்கியை இயக்கலாமே என்ற எண்ணம் பிறந்தது. பழைய 1873ஆம் ஆண்டு நெம்புகோல் துப்பாக்கி ஒன்றை எடுத்து, குழல்வாயின் முன்னே துளையிட்ட தகடு ஒன்றை நிறுத்தி, அதனைக் கோலோடு இணைத்தார். வாயு தகட்டைத் தள்ள, மனிதன் கை செய்யவேண்டியதை அத்தகடே செய்தது. நெம்புகோலுக்கு இனிக் கை வேண்டியதில்லை. அவருடைய இயந்திரத் துப்பாக்கிகளின் தொடக்கம் அதுவே. வேட்டைக் கருவிக்கும் போர்க் கருவிக்கும் இடையே அன்றிருந்த தூரம் ஒரு தகட்டின் அகலந்தான் என்று எண்ணுங்கால் என் நெஞ்சு நடுங்குகின்றது.

வின்செஸ்டரோடு அவருக்கிருந்த உறவு 1902இல் முறிந்தது. அதுகாறும் 40க்கு மேற்பட்ட அமைப்புகளை அக்கம்பனியார் அவரிடம் விலைகொடுத்து வாங்கியிருந்தனர். அவற்றிற் சிலவே துப்பாக்கியாய் வெளிவந்தன; ஏனையவற்றை வாங்கியது பிறர் கைக்குப் போகாமற் காக்கவே. தாமே தோட்டா ஏற்றிக்கொள்ளும் புதிய வேட்டைத் துப்பாக்கி ஒன்றை ஆக்கியபோது, ஒருமுறை விலை போதாது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று பிரௌணிங் கேட்டார். கம்பனியார் இசையவில்லை. அவர் மாதிரியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். றெமிங்டன் கம்பனியாரை நாடிச் சென்ற அன்றே, 1902 ஜனவரி 8இல், அக்கம்பனித் தலைவர் திடீரென இறந்துபட, அம்முயற்சியும் பயனற்றுப் போயிற்று. பின்னர்ப் பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள ஹேர்ஸ்டால் என்னும் ஊர்த் தொழிற்சாலையார் அதனை ஏற்றனர். அவருடைய கைத்துப்பாக்கிகளை முன்னரே செய்துவந்தவர் அவர்கள். அங்கே வெளிவந்தவற்றிலே அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. பிரெஞ்சு பேசுவோரிடையே அப்பெயர் கைத்துப்பாக்கிக்கே பொதுப்பெயராகுமளவுக்குப் பரவிற்று.

பெயர் பெற்றார், அப்பெயரோடு வந்த சுமையையும் பெற்றார். 1914ஆம் ஆண்டு யூன் மாதம் 28ஆம் நாள் சரயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசரையும் அவர்தம் துணைவியாரையும் வீழ்த்திய கைத்துப்பாக்கி, அத்தொழிற்சாலையிற் செய்யப்பட்ட பிரௌணிங்கின் 1910ஆம் ஆண்டு வகை. அதைத் தொடர்ந்து எழுந்த உலகப்போரில் அமெரிக்கா 1917இல் இறங்கியபோது, அவர் செய்த இயந்திரத் துப்பாக்கி ஒன்று பழுதின்றி 20,000 வெடிகளைச் சுட்டுக் காட்டிற்று. அடுத்தது 48 நிமிடமும் 12 நொடியும் ஓயாது சுட்டது. பழுது பார்ப்போன் மகனுடைய கருவியிற் பழுதே இல்லை! அரசினர் தாம் கொடுக்க முன்வந்த 750,000 டொலரை, மிகுதி வேண்டாது அவர் ஏற்றுக்கொண்டார். பங்கு முறையிற் கேட்டிருந்தால் இதனிற் பன்மடங்கு கிடைத்திருக்கும். கம்பனியிடம் பங்குக்காகப் போராடியவர், நாட்டிடம் அதனைக் கேட்கவில்லை. அவர் மகன் வால் பிரௌணிங், தந்தையின் கருவியோடு பிரான்சுப் போர்க்களத்துக்கும் சென்றார்.

128 ஆக்கவுரிமைகளுக்கு உரியவரான பின்பும் அவர் வேலை மேசையை விட்டு எழுந்ததில்லை. 1926ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் நாள் ஹேர்ஸ்டால் தொழிற்சாலையில் வேலையில் ஈடுபட்டிருந்தபோது மார்பு நோவுற்று, மகனுடைய அறையிலே உயிர் நீத்தார். வயது 71. அவர் தொடங்கி வைத்த கைத்துப்பாக்கி ஒன்றைப் பெல்ஜியக் கம்மியர் பிறிதொருவர் முடித்து 1935இல் வெளிப்படுத்தினார். அவருடலை ஒக்டனிலே அடக்கஞ்செய்தனர்.

இவ்வாழ்வை என்னென்று மதிப்பது? கைத்திறத்தை மட்டும் பாடினால், அக்கைத்திறத்தால் மாண்டவர்களை மறந்தவனாவேன். மாண்டவர்களை மட்டும் எண்ணினால், உடைந்த கருவியின்முன் அமர்ந்து உண்மையைத் தேடிய சிறுவனை மறந்தவனாவேன். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் வரலாறு எழுதுவோன் கடனன்று. பெயரில்லாத கருவிக்குப் பழியும் இல்லை, புகழும் இல்லை. ஆக்கியோன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், அவன் ஆக்கியது எங்கே சென்றது என்ற வினாவும் கூடவே எழுகின்றது. எழவே வேண்டும். பாடலுக்கும் அஃதே, பாடம் சொல்லுதற்கும் அஃதே.

இறுதியில் மாணாக்கருக்கு மறுமொழி எழுதினேன். வார்ப்பச்சு, சுழல்வரி, அடித்தொப்பி, தட்டைமூக்குக் குண்டு, மெழுகிடல் என்று எனக்குப் பட்ட சொற்களைக் குறித்தனுப்பினேன். குழலிலே தோன்றிய அவ்வாண்டுக்குரிய மனிதனின் பெயரையும், அவன் வாழ்வின் இருபுறத்தையும், அத்துப்பாக்கியோடு வைத்திருக்கும் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வைக்குமாறும் கேட்டுக்கொண்டேன். இரும்பிற் புதிதாக ஒன்றும் பொறிக்க வேண்டா என்றும் சேர்த்தெழுதினேன். மூலத்தில் இல்லாததை மூலத்திற் புகுத்துதல் பதிப்பாசிரியனுக்கு ஆகாது.